தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கைப்பேசியும் இணையமும்: தலைமையாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், நூறு பிள்ளைகள்கூட இல்லாத ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் நடுவில், ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் சூழ்ந்த ஊர் இது. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் இன்றும் அழைத்துக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். பட்டணத்துப் பெரிய பள்ளிகளுக்கு இதில் பாதி பொருந்தாமல் போகலாம். தோட்டத்தையும் அதை ஒட்டிய சின்ன டவுனையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். தொழில்நுட்பத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்க வேண்டாம். முதல் மாதம் வீட்டுக்கு ஒரு தாள் அனுப்புங்கள். அதில் ஐந்து கேள்விகள் போதும். வீட்டில் எத்தனை கைப்பேசி இருக்கிறது? பகலில் அது யாரிடம் இருக்கிறது? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது? டேட்டா மாதக் கட்டணமா, ரீலோட் போட்டு ஓட்டுவதா? வீட்டுக்குள் லைன் கிடைக்கிறதா, வாசலுக்கு வர வேண்டுமா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளி மூடியதும், தினமும் காலை 8 மணிக்கு எல்லா வகுப்புக்கும் பாடம் போக வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் தவறாமல் அனுப்பினார்கள். திரும்பி வந்த வேலைகளோ கைவிரலில் எண்ணிவிடலாம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்றே நினைத்தேன். சில வாரம் கழித்து ஓர் அம்மா அழைத்தார். "சார், போன் அவரோட வேலைக்குப் போயிடுது. ராத்திரி ஏழரைக்குத்தான் வீட்டுக்கு வரும். அதுக்குள்ள அறுபது மெசேஜ் நிக்குது. மூணு புள்ளைங்க. யாரோடத முதல்ல பார்க்கிறது?"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கறையில்லாமல் இருந்தது நான்தான். அந்தச் சமயத்தில் கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று வந்தது. கைப்பேசி இருப்பதாகக் கணக்கில் ஏறியவர்களிலும் பலருக்கு அது அப்பாவின் சட்டைப் பையோடு வேலைக்குப் போய் வருகிற ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாளே மாற்றினோம். ஒரு வகுப்புக்கு ஒரு நாளில் ஒரே செய்தி, மாலை ஏழரைக்கு. செய்து முடிக்க இரண்டு நாள் அவகாசம். வேறு எந்தக் கருவியும் வாங்காமலேயே திரும்பி வரும் வேலைகள் கூடின. உங்கள் பள்ளியில் அந்த நேரம் ஏழரையாக இல்லாமல் இருக்கலாம். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் மிகுந்த இடத்தில் மதியமே கைப்பேசி வீட்டில் இருக்கும். ஷிப்ட் வேலைக்காரர்கள் மிகுந்த தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாரத்துக்கு வாரம் மாறும். அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. மற்றதெல்லாம் அதன் மேல்தான் கட்ட வேண்டும்.

கல்வி அமைச்சு கொடுத்த டெலிமா என்ற இணையக் கற்றல் தளம் இருக்கிறதே, அது போதாதா?

பொருள் நிறைய இருக்கிறது. 2012 வாக்கில் ஃபிராக் என்ற தளம் வந்தது. 2019 நடுவில் அது போய் கூகல் கிளாஸ்ரூம் வந்தது. 2020 ஜூனில் எல்லாவற்றையும் ஒரே வாசலுக்குள் வைத்து டெலிமா வந்தது. பாடநூல்களின் மின்பதிப்பு அதிலேயே கிடைக்கிறது. பிள்ளை வாசித்த நூல்களைப் பதிவு செய்யும் நீலாம் திட்டமும் அதற்குள் வந்துவிட்டது. படங்களும் தாள்களும் வடிவமைக்கும் கான்வாவை ஆசிரியர்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

தோட்டப்பள்ளியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடவுச்சொல்லில். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை மறந்துவிடும், அம்மாவுக்குத் தெரியாது, ஆசிரியர் மீட்டுக் கொடுப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். நாங்கள் செய்தது இதுதான். அடையாள முகவரியை மட்டும் பிள்ளையின் குறிப்பேட்டில் உள்ளட்டையில் ஒட்டினோம். கடவுச்சொல்லை ஒட்டவில்லை. அதைப் பெற்றோரிடம் நேரில் கொடுத்து அவர்கள் கைப்பேசியிலேயே ஒருமுறை உள்ளே போக வைத்தோம். பள்ளித் தவணை தொடங்கும் சனிக்கிழமை காலை, சிற்றுண்டிச்சாலையில் மேசை போட்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே உதவினார்கள்.

அப்புறம், நீங்களும் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு வகுப்பின் கிளாஸ்ரூமுக்குள் போய்ப் பாருங்கள். குற்றம் பிடிப்பதற்காக இல்லை. ஒரு பிள்ளையின் வேலைக்குக் கீழே இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள். தலைமையாசிரியர் பார்த்தார் என்பது மறுநாளே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காலை வணக்கப் படங்களும் சண்டையும்தான் இருக்கின்றன. மூடிவிடலாமா?

மூட வேண்டாம். பிரித்து வையுங்கள். பள்ளி முழுமைக்கும் ஒரு குழு. அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். விடுமுறை, கூட்டம், பேருந்து வராத நாள் என்று அறிவிப்புகள் மட்டும் அதில் வரட்டும். வகுப்புக்கு ஒன்றாக இன்னொரு குழு. அங்கே பெற்றோர் பேசலாம், கேட்கலாம். இரவு 9 மணிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை என்ற விதி ஆசிரியர்களைக் காப்பாற்றும். அந்த விதியை முதலில் நீங்கள் கடைப்பிடிக்க வேண்டும். பத்து மணிக்குச் சுற்றறிக்கை அனுப்பும் தலைமையாசிரியரால் மற்றவர்களைக் கண்டிக்க முடியாது.

ஒரு பிள்ளையின் மதிப்பெண், கட்டண பாக்கி, ஒழுங்குப் பிரச்சினை ஆகியவை குழுவில் வரவே கூடாது. ஒரு முறை வந்துவிட்டால் அந்தக் குடும்பம் கோவிலில்கூடத் தலைநிமிர்ந்து நிற்காது. ஊர் அவ்வளவு சின்னது.

சிலர் குழுவுக்குப் பதில் ஒலிபரப்புப் பட்டியல் வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு சிக்கல்: உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ரீலோட் எண்ணை அடிக்கடி மாற்றும் வீடுகளில் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

எந்த மொழியில் எழுதுவது? சுற்றறிக்கைகள் மலாயில் வருகின்றன.

இந்தக் கேள்வியைக் கேட்கிற தலைமையாசிரியரை எனக்குப் பிடிக்கும். பலர் கேட்பதே இல்லை. மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வந்த மலாய்க் கடிதத்தைப் படம் பிடித்து அப்படியே குழுவில் போட்டுவிட்டு, அறிவித்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள்.

தோட்டத்து வீட்டில் மூன்று விதமான வாசகர்கள் இருக்கிறார்கள். பாட்டி தோட்டப்பள்ளியில் படித்தவர், தமிழை நன்றாக வாசிப்பார், மலாய்க் கடிதம் புரியாது. அப்பா தமிழ்ப்பள்ளி முடித்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர், அவருக்கு இரண்டும் ஓரளவு வரும். அம்மா மலாய்ப்பள்ளியிலேயே படித்திருக்கலாம், பேச்சில் தமிழ் உண்டு, எழுத்தில் இல்லை. இவர்கள் மூவருக்கும் பொதுவானது காது. அதனால் நான் கடைசி ஐந்தாண்டும் ஒவ்வொரு முக்கியச் செய்தியையும் என் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்பினேன். கீழே தமிழில் இரண்டு வரி, தேதியும் நேரமும் எண்ணில். மலாய்க் கடிதம் அதற்கும் கீழே இணைப்பாக.

குரல் பதிவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நிமிடப் பேச்சு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே ஒரு நிமிடக் காணொளி பல மெகாபைட் தின்னும். ஐந்து வெள்ளி ரீலோடை வாரம் முழுக்க நீட்டிப் பிடிக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எழுதும்போது தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். "நாளை லீவு" என்பதைக்கூட ஆங்கில எழுத்தில் தட்டும் வழக்கம் ஆசிரியர்களிடமே வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் குழுவிலேயே தமிழ் எழுத்து இல்லையென்றால் பிள்ளை அதை எங்கே பார்க்கும்? கணினியில் தமிழ் எழுத வழி செய்த முரசு அஞ்சல் 1985-இல் நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கியது. கைப்பேசிக்கான செல்லினமும் அவருடையதே. கருவி நம் வீட்டிலேயே பிறந்திருக்கும்போது சாக்குச் சொல்ல முடியாது.

செய்தி அனுப்பியும் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லையே?

கைப்பேசிச் செய்தி நினைவூட்டத்தான் உதவும். அழைப்பு நேரில் போக வேண்டும். இந்த ஊருக்கு இது புதிதில்லை. 1960-இல் இந்த ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க முடியும் என்று அவர்களை நம்ப வைக்க வேண்டியிருந்தது. தோட்டம் தோட்டமாக நேரில் போய்ப் பேசித்தான் அது நடந்தது. நாம் ஒரு தவணையில் பத்து வீட்டுக்காவது போகலாம். போன வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, அவர்கள் கைப்பேசியிலேயே வகுப்புக் குழுவைத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள். அதன் பிறகு நீங்கள் அனுப்பும் குரல் அவர்களுக்குத் தெரிந்த குரலாகிவிடும்.

பள்ளிக்கு முகநூல் பக்கம் தேவையா?

தேவை. 150-க்கும் குறைந்த மாணவர் உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். தோட்டங்களை விட்டு மக்கள் வெளியேறியதால் நம் பள்ளிகளில் பல அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. டவுனில் குடியேறிய இளம் பெற்றோர், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும்போது முதலில் பார்ப்பது பள்ளியின் பக்கத்தைத்தான்.

ஆனால் அங்கே அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? மாலை, பொன்னாடை, பிரமுகர் வருகை, நன்கொடைக் காசோலை. நூறு பதிவுகளைப் புரட்டினாலும் ஒரு பிள்ளை எதையாவது கற்றுக்கொள்வது தெரியாது. என் கருத்தில் இது நமக்கு நாமே செய்துகொள்ளும் பெரிய கெடுதல். நான்காம் ஆண்டு மாணவி ரொட்டி சானாயைக் கிழித்துப் பின்னத்தை விளக்கும் நாற்பது வினாடிக் காணொளி போடுங்கள். அறிவியல் தோட்டத்தில் முளைத்த பயற்றை நாளுக்கு நாள் எடுத்த ஏழு படங்கள் போடுங்கள். ஆசிரியர் ஒரு கணக்கை மூன்று வழியில் செய்து காட்டுவதைப் போடுங்கள். அதைப் பார்க்கும் தாய் தன் பிள்ளை இங்கே என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்கிறாள்.

வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். பிரமுகர் வந்தால் அவரையும் போடலாம், ஒரு படம்.

பிள்ளைகளின் படங்களைப் போடலாமா?

இதில் நான் கொஞ்சம் கடுமையானவன், சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எதற்கு அனுமதி என்பதைப் பிரித்துக் கேளுங்கள்: பள்ளிச் சுவரில் ஒட்ட, வகுப்புக் குழுவில் போட, முகநூலில் போட. மூன்றாவதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். காரணம் கேட்காதீர்கள். பிரிந்து வாழும் பெற்றோர், ஒளிந்து வாழும் தாய் எல்லாம் நம் ஊரிலும் உண்டு. படத்தோடு முழுப்பெயர், வகுப்பு, வீட்டுப் பகுதி மூன்றையும் சேர்த்துப் போடக் கூடாது. பரிசுப் பட்டியலைப் படம் பிடித்துப் போடும்போது அடையாள அட்டை எண் அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். இது அடிக்கடி நடக்கும் தவறு.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. அதைச் சொல்லி, அரசாங்கப் பள்ளிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் வந்து மிரட்டினால்தான் பிள்ளையைக் காப்போமா?

அடுத்தது உதவி வாங்கும் படம். பள்ளிப் பை, காலணி, அரிசி மூட்டை. ஓர் அமைப்பு உதவி கொண்டுவந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயர்ப் பட்டியலோடு படம் எடுத்து, அன்று இரவே எல்லா இடத்திலும் போட்டுவிட்டார்கள். நான் தடுக்காமல் நின்றேன். கொடுக்க வந்தவர்களை எப்படித் தடுப்பது என்ற தயக்கம். மறுநாள் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் புதுக் காலணியைப் போடாமல் பழையதோடு வந்தான். கேட்டதற்கு, "வேணாம் சார்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு எந்த உதவி வந்தாலும் அலுவலகத்தில் பெற்றோர் கையில் கொடுப்பது, பொருளை மட்டும் படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். இதை முன்கூட்டியே சொன்னால் நல்ல மனத்தோடு கொடுப்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாமல் ஒரே ஒரு தரப்புதான் திரும்பிப் போனது.

வலையொளியில் (யூடியூப்) காணொளி போடுவதானால் சிறாருக்கானது என்று குறியுங்கள். கருத்துப் பகுதி தானாகவே மூடிக்கொள்ளும். வகுப்புக்கு மட்டும் தேவையானதைப் பட்டியலிடாத காணொளியாகப் போட்டு இணைப்பை மட்டும் அனுப்பலாம்.

மூத்த ஆசிரியர்கள் ஒத்துழைப்பதில்லை.

அவர்களுக்குப் பயம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற பயம். மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 சொன்ன 11 மாற்றங்களில் ஒன்று ஒவ்வொரு பள்ளிக்கும் திறமையான தலைவர் வேண்டும் என்பது. இன்னொன்று தகவல் தொழில்நுட்பத்தால் கற்றலை மேம்படுத்துவது. தோட்டப்பள்ளியில் இந்த இரண்டும் ஒரே ஆளின் தலையில்தான் விழும். எனவே முதலில் நீங்கள் தடுமாறிக் காட்டுங்கள். ஆசிரியர் கூட்டத்தின் முதல் இருபது நிமிடம் நானே ஒரு புதிர்ப்போட்டி தயாரித்துக் காட்டினேன். முதல் முறை விடை தப்பாகப் போட்டு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஐம்பத்து மூன்று வயது டீச்சர் ஒருவர் தானே கேட்டு வந்து செய்தார்.

இளம் ஆசிரியர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் இணை சேருங்கள். இளையவர் கருவியைச் சொல்லித் தரட்டும், மூத்தவர் பாடத்தைச் சொல்லித் தரட்டும். இருவருக்கும் மரியாதை கிடைக்கும். எத்தனை பதிவேற்றினீர்கள் என்று மாதக் கணக்கு மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எண்ணிக்கைக்காகக் குப்பை ஏறும்.

எங்கள் தோட்டத்தில் லைனே கிடைக்கவில்லை. என்ன செய்வது?

2020-இல் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத இணையம் தேடி மரத்தில் ஏறியதை நாடே பார்த்தது. அந்த நிலை இன்று குறைந்திருக்கிறது, ஆனாலும் குன்றும் செம்பனையும் மறைக்கும் வீடுகள் இன்னும் உண்டு.

இணையம் இருக்கும் இடத்தில் பதிவிறக்கி, இல்லாத இடத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். பள்ளியில் கைப்பேசிக்கு நேரடியாக மாற்றிக்கொடுக்கலாம், பென்டிரைவில் ஏற்றி வீட்டுத் தொலைக்காட்சியில் செருகலாம். டவுனில் நாடி என்ற அரசாங்க இணைய மையம் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் தொடங்கிய டிடிக் டிவியும் கைகொடுக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் அச்சிட்ட தாள் இருக்கிறது. தாளை மட்டமாக நினைக்காதீர்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய தாள்கட்டுகளை எங்கள் பள்ளிக் காவலாளி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில்தான் எங்களுக்கு அதிக வேலைகள் திரும்பி வந்தன.

பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் கெட்டுவிடும் என்கிறார்கள் பெற்றோர்.

பாதி உண்மை. முகநூலும் டிக்டாக்கும் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கு தருவதில்லை என்பதே அந்நிறுவனங்களின் விதி. நம் அரசாங்கமோ 16 வயதுக்குக் குறைந்தோருக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று 2025-இல் அறிவித்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளை யாருக்கும் சொந்தக் கணக்கு வேண்டியதில்லை. எல்லாம் பெற்றோர் கைப்பேசியில், பெற்றோர் கண்முன்னால் நடக்கட்டும்.

பள்ளி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு தனியாகச் செய்தி பரிமாறக் கூடாது. பாடம் பற்றிய சந்தேகம் என்றாலும் பெற்றோர் எண்ணுக்கோ வகுப்புக் குழுவுக்கோதான். இதை எழுத்தில் வைத்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சிறாரைப் பேச்சால் மயக்கி வலையில் இழுப்பதே 2017-ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தில் குற்றம். சந்தேகம் வந்தால் 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண்ணை அழைக்கலாம். அந்த எண்ணைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இதனால் கற்றல் உயர்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். நான் மூன்றைப் பார்த்தேன். திரும்பி வந்த வேலைகள் எத்தனை, யாருடையது வரவே இல்லை, மாதாமாதம் பிள்ளை வாசிக்கும் ஒரு நிமிடக் குரல் பதிவு.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒரு பத்தியை வீட்டில் வாசித்துப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்பும். ஒரு மாதம் தமிழ், ஒரு மாதம் மலாய். பிப்ரவரிப் பதிவையும் செப்டம்பர்ப் பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் எந்தப் பரீட்சைத் தாளும் சொல்லாததைக் காது சொல்லும். ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன் "பள்ளி", "பல்லி" இரண்டையும் ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவே பின்னால் இருந்து திருத்தும் குரல் ஜூலைப் பதிவில் கேட்டது. படிக்காதவர் என்று எல்லோரும் நினைத்த அப்பா. அந்தப் பதிவை ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டோம்.

வேலையே வராத பிள்ளைகளின் பட்டியலைத்தான் தலைமையாசிரியர் தன் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

தமிழ்ப் பாடத்துக்கென்று நல்ல யோசனை ஏதாவது?

பாட்டியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஐந்து கேள்வி கொடுத்து, வீட்டில் வயதானவர்களிடம் கேட்டு மூன்று நிமிடம் பதிவு செய்து வரச் சொன்னோம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் வடியும் மங்கு, மரத்திலும் மங்கிலும் காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பால், மழை நாளில் வேலை இல்லாமல் கூலி இல்லாமல் போனது எல்லாம் வந்தன. பெரட்டு என்ற சொல் எங்கள் இளம் ஆசிரியர்கள் இருவருக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் அந்தப் பதிவைக் கேட்டு எழுத வேண்டும். கேட்டு எழுதுவது கடினமான மொழிப்பயிற்சி. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்க வேண்டும், நிறுத்தக்குறி போட வேண்டும், புரியாத சொல்லைப் பாட்டியிடம் திரும்பக் கேட்க வேண்டும். கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதினார்கள். பாட்டிகள் ஒப்புக்கொண்ட பதிவுகளைப் பள்ளிப் பக்கத்தில் போட்டோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பேரப்பிள்ளைகள் கேட்டுவிட்டுப் பாட்டியை அழைத்தார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

ஆசிரியர்கள் பயிற்சித்தாள் வரைவுக்குப் பயன்படுத்தலாம். தமிழில் அது தரும் எதையும் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். வலிமிகும் இடம் தப்பும், ல ள ழ குழம்பும், இல்லாத குறளை இருப்பதாக எழுதித் தரும். பிள்ளைகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் இடவே கூடாது.

பள்ளிக் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். என்ன செய்வது?

பெரும்பாலும் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்புக் குறியீட்டை யாரோ நம்பிக் கொடுத்ததால் நடப்பது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே கேட்பார்கள். உடனே மற்ற நிர்வாகி எல்லாப் பெற்றோருக்கும் குரலில் சொல்ல வேண்டும்: பள்ளி யாரிடமும் பணம் கேட்கவில்லை. யாராவது பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைக்கட்டும், வங்கிக்கும் சொல்லட்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும்?

நாற்காலியையும் சாவிக்கொத்தையும் ஒப்படைக்கிறோம், முகநூல் பக்கத்தை மறந்துவிடுகிறோம். சொந்தக் கணக்கில் தொடங்கிய பக்கம் ஆளோடு போய்விட்டு, பள்ளி மறுபடி முதலிலிருந்து தொடங்கியதை இந்த வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆறு ஆண்டுப் படங்கள் போயின.

பக்கத்துக்கும் குழுக்களுக்கும் எப்போதும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் துணைத் தலைமையாசிரியர். மின்னஞ்சல் பள்ளியுடையதாக இருக்கட்டும். கடவுச்சொற்கள் மூடிய உறையில் அலுவலக இரும்பு அலமாரியில். புதியவர் வந்ததும் அவருடைய முதல் குரல் பதிவை நீங்கள் பக்கத்தில் இருந்து பேச வைத்துவிட்டு, அதே நாளில் எல்லாக் குழுக்களிலிருந்தும் விலகிவிடுங்கள். விலகும் முன், பொறுப்பேற்ற மாதம் வீட்டுக்கு அனுப்பினீர்களே, கைப்பேசி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது என்று கேட்ட தாள்கள், அந்தக் கட்டையும் அவரிடம் கொடுங்கள்.